ஏலக்காய்க் கடை மெயிலுக்கு எது சரி: தண்டர்பேர்டா, பிரவுசரில் ஜிமெயிலா?

குமுளியில் எங்கள் ஏலக்காய்க் கடையில் பன்னிரண்டு வருஷமாக ஒரே மெயில் புரோகிராம்தான். பெயர் வேண்டாம். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தாலே ஃபைல் பழுது என்று நின்றுவிடும். ரிப்பேர் போட்டால் ஒரு மணி நேரம் ஓடிவிட்டுத் திறக்கும், ஆனால் சில மாதத்து மெயில்கள் இருக்காது. இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். போன ஜூலையில் 8 மி.மீ. சரக்குக்கு விலை சொல்லி அனுப்பிய மெயில் மூன்று நாள் அவுட்பாக்ஸிலேயே கிடந்திருக்கிறது, எந்த எச்சரிக்கையும் இல்லை. அதற்குள் அந்தப் பார்ட்டி போடியில் வாங்கிவிட்டார். அன்றைக்கே மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

பார்த்தது இரண்டு வழி. பிரவுசரில் ஜிமெயில், இல்லையென்றால் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் புரோகிராம்.

ஜிமெயிலில் தேடுவது வேகம், குப்பை மெயிலை நன்றாக வடிகட்டும், போனிலும் அதேதான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதிலேயே போட்டோவும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்ளும். எங்களுடையது கடைப் பெயரில் சொந்த டொமைன் முகவரி. அதை முழுசாக அங்கே கொண்டுபோக ஆளுக்கு இவ்வளவு என்று மாதம் கட்ட வேண்டும். ஐந்து பேருக்குக் கட்டலாம்தான், பணத்துக்காக அதை விடவில்லை.

எங்களுக்குப் பழைய மெயில்தான் முக்கியம். புற்றடி ஏலத்தில் எடுத்த சரக்கை விற்று ஒரு வருஷம் ஆன பிறகும், "போன சீசனில் என்ன ரேட் போட்டீங்க, மெயிலைப் பாருங்க" என்று போன் வரும். அந்த நேரம் பார்த்து மரம் விழுந்து இன்டர்நெட் லைன் அறுந்திருக்கும், இடுக்கி மழையில் இது வருஷா வருஷம் நடப்பது. ஜிமெயிலிலும் இணையம் இல்லாமல் படிக்க வசதி உண்டு, ஆனால் அதிகபட்சம் கடைசி 90 நாள் மெயில்தான் கிடைக்கும். தண்டர்பேர்டில் ஐமேப் முறையில் (மெயில் கம்பெனியின் சர்வரிலேயே இருக்கும், நாம் அங்கிருந்து பார்ப்போம்) கணக்கைச் சேர்த்து, மெயில்களைக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டால், சர்வரில் ஒரு பிரதி, நம்மிடம் ஒரு பிரதி. ஐந்து வருஷத்துப் பழைய மெயிலும் லைன் இல்லாமலே திறக்கிறது.

இன்னொன்று, அது சேமிக்கும் விதம். எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலில் திணிக்காமல், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எம்பாக்ஸ் என்ற தனி ஃபைல் வைக்கிறது. அது பல புரோகிராம்கள் படிக்கும் பழைய வடிவம், அதனால் நாளைக்குத் தண்டர்பேர்டே பிடிக்காமல் போனாலும் மெயில்களை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு ஃபோல்டரில் பட்டியல் குழம்பினால் அதை மட்டும் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸுக்குள் போய் ரிப்பேர் கொடுத்தால் போதும். கணக்கு, ஃபில்டர், மெயில் எல்லாம் ஒரே புரொஃபைல் ஃபோல்டருக்குள் இருப்பதால், சனிக்கிழமை கடை அடைக்கும் முன் புரோகிராமை மூடிவிட்டு அதை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுக்கிறோம்.

குறையும் உண்டு. மெயிலை அழித்தாலும், அழித்ததை ஃபைலிலிருந்து நீக்கிச் சுருக்கும் காம்பேக்ட் கட்டளையைக் கொடுக்கும் வரை டிஸ்கில் இடம் குறையாது, முதலில் இது தெரியாமல் குழம்பினோம். 2024 கடைசியில் வந்த ஆண்ட்ராய்டு பதிப்பை நான் இரண்டு வாரம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். காலண்டர் நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. எப்போதும் வண்டியில் சுற்றிக்கொண்டு போனிலேயே எல்லாம் பார்ப்பவர்களுக்கு ஜிமெயில்தான் சுலபம்.

மாறும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பழைய புரோகிராமில் பாப் முறையில் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பழைய முறை) இறங்கிய மெயில்கள் பெரும்பாலும் சர்வரில் இருக்காது. அதனால் பழைய புரோகிராமிலேயே அதே கணக்கை ஐமேப்பாகவும் சேர்த்து, பழைய ஃபோல்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இழுத்துவிட்டோம். சர்வரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நான்கு ராத்திரி ஆனது. அப்புறம் தண்டர்பேர்ட் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டது. பழைய புரோகிராமை இன்னும் அழிக்கவில்லை, மார்ச் கணக்கு முடிந்து ஆடிட்டர் சரி என்று சொல்லட்டும்.