மார்ஃப்மார்க்கெட் ஜீன் கால்குலேட்டர்: மூன்று பருவம் பயன்படுத்திய அனுபவம்

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்க்கிறவர்களில், ஜோடி சேர்ப்பதற்கு முன், ஊர்வன வாங்கி விற்கும் மார்ஃப்மார்க்கெட் தளத்தின் ஜீன் கால்குலேட்டரைத் திறந்து பார்க்காதவர்கள் குறைவு. ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஒன்பது பல்லிகள் இருக்கின்றன. மூன்று பருவமாக இதை வைத்துத்தான் திட்டம் போடுகிறேன். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

வேலை செய்யும் விதம் சுலபம். ஆணுக்கு என்னென்ன ஜீன், பெண்ணுக்கு என்னென்ன ஜீன் என்று சேர்த்துவிட்டால் குஞ்சுகள் என்னென்னவாக வரும், எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் போட்ட அதே கட்டம்தான். ஒரு ஜீன் என்றால் தாளிலேயே போட்டுவிடலாம், நாலு ஜீன் சேரும்போது கட்டம் 256 ஆகிவிடும், அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

என் முதல் திட்டம் சின்னதுதான். மேக் ஸ்னோ (மஞ்சளுக்குப் பதில் வெள்ளை வரும் நிற வகை) ஆண், ட்ரெம்பர் அல்பினோவுக்கு (கருப்பு நிறமி இல்லாத ஒரு வகை) ஹெட். அதாவது அந்த ஜீன் ஒரு பிரதி மட்டும் உள்ளே இருக்கும், வெளியே தெரியாது. பெண் ட்ரெம்பர் அல்பினோ. எனக்கு வேண்டியது ஸ்னோ அல்பினோ. கால்குலேட்டர் 25 சதவீதம் என்றது. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாலு முட்டைக்கு ஒன்று கண்டிப்பாக வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். எட்டு முட்டை பொரித்தாலும் ஒன்றுகூட ஸ்னோ அல்பினோவாக இல்லாமல் போக ஏறக்குறைய 10 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெண் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும், அதனால் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

அந்தப் பருவத்தில் ஆறு குஞ்சு பொரித்தது. முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்து, அது புரளாமல் வெர்மிகுலைட் டப்பாவில் பாதி புதைத்து, இரண்டு மாதம் காத்திருந்தேன். முதல் முட்டை வியர்த்து, சுருங்கி, கிழிந்து, மூக்கு நுனி வெளியே வந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளையும் கருப்புமாகப் பட்டை. மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இருந்தால் ஸ்னோ, சரி. ஆனால் கருப்பு இருக்கிறதே? அல்பினோ குஞ்சுக்கு அந்த இடம் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்க வேண்டும். சரி, அடுத்தது பார்ப்போம் என்றிருந்தேன். ஆறும் கருப்புப் பட்டையோடுதான் வந்தன.

அல்பினோ வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உள்ள ஜோடியில் ஆறுக்கு ஆறும் தவறிப்போக 64-இல் ஒரு வாய்ப்புதான். அப்போதுதான் சந்தேகம் வந்தது. இந்தப் பல்லியில் அல்பினோ மூன்று வகை: ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர். மூன்றும் தனித்தனி ஜீன், ஒன்றோடு ஒன்று சேராது. வேறு வேறு வகை அல்பினோ இரண்டை ஜோடி சேர்த்தால் பிறப்பதெல்லாம் சாதாரணமாகவே இருக்கும். கண்ணால் பார்த்து எந்த வகை என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. பெண்ணை மறுபடி பெல் என்று போட்டுக் கணக்கிட்டேன், அல்பினோ பூஜ்யம் என்று வந்தது. அடுத்த வருடம் பரம்பரை தெளிவாகத் தெரிந்த பெல் அல்பினோ ஆண் ஒன்றோடு சேர்த்தேன், பொரித்ததெல்லாம் அல்பினோ. (அதே பருவத்திலேயே ஆணை மாற்றியிருந்தால் குழம்பிப் போயிருப்பேன், பெண் பழைய ஆணின் விந்தை உடலுக்குள் பல வாரம் சேமித்து வைத்திருக்கும்.)

ஒரு ஊர்வனக் கண்காட்சியில் அந்தப் பெண்ணை எனக்கு விற்றவர் ட்ரெம்பர் என்றுதான் சொன்னார், தாய் தகப்பன் விவரம் கேட்டதற்கு மழுப்பினார். அப்போதே நான் நகர்ந்திருக்க வேண்டும். கால்குலேட்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நாம் கொடுக்கும் பெயரை நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது, அந்த ஒரு மதிப்பெண்ணை நான் பிடித்துக்கொண்டதும் இதற்காகத்தான். அந்த ஆறு குஞ்சுகளையும் பெல்லுக்கு ஹெட், ட்ரெம்பருக்கு 50 சதவீத ஹெட் (ஹெட்டாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு) என்று எழுதிக் கையில் கொடுத்து, இனப்பெருக்கம் செய்ய மாட்டோம் என்றவர்களிடம் மட்டும் வளர்க்கக் கொடுத்தேன். எழுதாமல் கொடுத்திருந்தால் நாலு வருடம் கழித்து இன்னொருவர் பேஸ்மென்டில் இதே கதை நடக்கும்.

அப்புறம், இந்தக் கணக்குக்குள் வராத விஷயங்கள். டேஞ்சரின் என்கிற ஆரஞ்சு நிறம் ஒற்றை ஜீன் இல்லை, தலைமுறை தலைமுறையாக நல்ல நிறமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவது, அதற்கு உங்கள் கண்ணும் பொறுமையும்தான் கருவி. ஆணா பெண்ணா என்பதை முட்டை வைக்கும் வெப்பம் தீர்மானிக்கிறது: 26 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் பெண், 32.5 பக்கத்தில் பெரும்பாலும் ஆண், 34-க்குப் போனால் மறுபடி பெண். குளிர்ச்சியாக வைத்தால் பொரிக்க நாள் அதிகமாகும், குஞ்சின் நிறமும் கொஞ்சம் கருத்து வரும்.

சதவீதம் அழகாக வருகிறதே என்று மட்டும் பார்த்து எனிக்மா, லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிற வகைகளைச் சேர்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எனிக்மா பல பல்லிகளுக்கு நரம்புக் கோளாறு தரும். வட்டம் வட்டமாகச் சுற்றும், தலையைத் தூக்கி மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணெதிரே இருக்கும் புழுவைக் குறி தவறிக் கடிக்கும். லெமன் ஃப்ராஸ்டில் 80 சதவீதத்துக்கு மேல் தோலில் கட்டி வருகிறது. அதற்குப் பின்னால் ஸ்பின்ட்1 என்ற ஜீன் இருப்பதாக 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மஞ்சள் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இதுதான்: முதலில் பெற்றோரின் விவரத்தை எழுத்தில் வாங்கு, பிறகு பெண்ணை நிறுத்துப் பார், 50 கிராம் தாண்டவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடு. அதற்கெல்லாம் பிறகுதான் கால்குலேட்டர். இந்தப் பருவத்துக்கு மேக் ஸ்னோ பெல் அல்பினோ ஆண், கூட அதே பழைய பெண். ஸ்னோ அல்பினோ 50 சதவீதம் என்கிறது. டப்பாவில் இரண்டு முட்டை, பென்சில் புள்ளி மேலே பார்த்தபடி இருக்கிறது, நேற்று அடியில் வெளிச்சம் வைத்துப் பார்த்தேன், இரண்டிலும் சிவப்பு நரம்பு ஓடுகிறது.