ஐயப்படுவோரும் வரலாம்: ஒரு தவக்காலத் தியானத்தைப் பற்றி

அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு செபமாலையைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலையில்தான், 'ஐயம் உள்ளவர்களும் வரலாம்' என்று அறிவித்தலில் எழுதியிருந்த ஒரே காரணத்துக்காக, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள ஒரு தியான இல்லம் தவக்காலத்தில் நடத்திய மூன்று மாலை அமர்வுகளுக்குப் போனேன். கட்டணம் இல்லை, வாசலில் காணிக்கைப் பெட்டி மட்டும் இருந்தது. நுளம்புத் தொல்லை கடுமை.

முதல் மாலை யோபு நூல், எல்லாவற்றையும் இழந்து கடவுளிடமே நியாயம் கேட்டவரின் கதையைச் சொல்லும் விவிலிய நூல். 42 அதிகாரங்களில் பெரும்பகுதி யோபுவின் முறைப்பாடும் நண்பர்களின் விளக்கமுமே என்பதையும், யோபுவைக் கேள்விகளால் திணறடிக்கும் கடவுள் முடிவில் சினங்கொள்வது தமக்காக வாதாடிய அந்த நண்பர்கள் மீதுதான் என்பதையும் சுவாமியார் நிதானமாக வாசித்துக் காட்டினார். செத்தவீட்டில் 'எல்லாம் கடவுளின் சித்தம்' என்று என்னைத் தேற்றியவர்களின் முகங்கள் அப்போது நினைவுக்கு வந்தன என்பதை மறைக்கவில்லை.

இரண்டாம் மாலைக்காகவே இந்தத் தியானத்தைப் பரிந்துரைப்பேன். வயதான அம்மா ஒருவர் எழுந்து, "1995 ஜூலை 9, நவாலிக் கோயிலிலை தஞ்சமெண்டு இருந்த சனத்துக்கு மேலை குண்டு விழேக்கை ஆண்டவர் எங்கை சுவாமி நிண்டவர்?" என்று போர்க்கால விமானக் குண்டுவீச்சை நினைவூட்டிக் கேட்டார். நெடுநேரம் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது. பிறகு சுவாமியார், பதில் எதுவும் சொல்லாமல், 88ஆம் திருப்பாடலை வாசிக்கச் சொன்னார். 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் நம்பிக்கைக்கோ புகழுக்கோ திரும்பிவிடும். இதுவோ இருளிலேயே முடிகிறது, ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கடவுளை நோக்கியே பேசுகிறது. அதை மட்டும் சொல்லி, ஆறுதல் எதையும் ஒட்டவைக்காமல், பிளேன்ரீக்கும் பனங்கட்டிக்கும் எங்களை எழுப்பிவிட்டார்.

மூன்றாம் மாலைதான் ஏமாற்றம். சாட்சியப் பகிர்வு நீண்டதால், இயேசு உயிர்த்ததை ஐயுற்ற சீடரான தோமையாருக்கு இருபது நிமிடமே கிடைத்தது. நம்பமாட்டேன் என்று சொன்னவர் எட்டு நாளின் பின்னும் அதே சீடர்களோடு அதே வீட்டில் இருந்தார், யாரும் அவரை வெளியேற்றவில்லை என்பதைப் பற்றி, எங்கள் பங்குகளில் கேள்வி கேட்பவர்கள் படும் பாட்டை வைத்து, ஒரு முழு மாலையே பேசியிருக்கலாம்.

போகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை மறக்க வேண்டாம். தரும் தாளில் எழுத்து மிகச் சிறியது. அந்தத் தாளைத்தான் இப்போது இரவுகளில் வாசிக்கிறேன். செபமாலையை இன்னும் எடுக்கவில்லை.