எட்டு வருடமாக பாராமெட்ரிக் காம்போனென்ட்களோடு

கட்டட வடிவமைப்புக்கு பிம் மென்பொருளை, அதாவது கட்டடத்தை முப்பரிமாண மாதிரியாகக் கட்டி அதிலிருந்தே படங்களை எடுக்கும் மென்பொருளை, பயன்படுத்தத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. கோடு கோடாக வரைந்த காலத்துக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. ஜன்னல் அகலத்தை 1200-இலிருந்து 1500 மி.மீ. ஆக்கினால் பிளான், எலிவேஷன், செக்‌ஷன், ஷெட்யூல் (ஜன்னல், கதவுகளின் எண்ணிக்கையும் அளவும் கொண்ட பட்டியல்) எல்லாம் தானாக மாறிவிடும். அந்த வசதிக்காகவே இதை விடாமல் இருக்கிறேன். ஆனால் பாராமெட்ரிக் காம்போனென்ட் அளவுக்கு என் பொறுமையைச் சோதித்தது வேறெதுவும் இல்லை.

பாராமெட்ரிக் காம்போனென்ட் என்பது அளவைக் கொடுத்தால் அதற்கேற்ப உருவம் மாறும் ஆயத்த ஜன்னல், படிக்கட்டு போன்ற பொருள். அதைச் செய்தவர் எந்தெந்த அளவு மாறும் என்று நினைத்தாரோ அவற்றை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியும். மற்றதெல்லாம் பூட்டு.

ஒரு வேலையில் 1800 அகலத்துக்கு ஜன்னல். நடுவில் 900-க்குத் திறக்காத கண்ணாடி, இரண்டு பக்கமும் 450-க்குத் திறக்கும் கதவு. சாதாரண ஜன்னல்தான். லைப்ரரியில் இருந்த காம்போனென்டில் பாகங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் கட்டம் உண்டு. 3 என்று கொடுத்தால் 600, 600, 600 என்று சமமாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் அகலத்தையும் தனியாகச் சொல்ல இடமே இல்லை. சரி என்று மூன்று தனி ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஃப்ரேம்கள் ஒட்டிய இடத்தில் கட்டை இரட்டிப்புத் தடிமனாகிவிட்டது. ஷெட்யூலில் 12 ஜன்னலுக்கு 36 என்று வந்து நின்றது. அதைக் கையால் திருத்தித்தான் கொடுத்தேன். கையால் திருத்துவதற்கு எதற்கு இந்த மென்பொருள்?

படிக்கட்டு இதைவிட மோசம். தளத்துக்குத் தளம் 3000 உயரம், 20 ரைசர் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம்), ஒவ்வொன்றும் 150. காங்கிரீட்டின் மேல் போடும் தரை ஃபினிஷ் 50, படியின் மேல் ஃபினிஷ் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு எல்லாப் படியும் 150 இருக்க வேண்டுமானால், காங்கிரீட்டில் முதல் ரைசர் 170, கடைசி ரைசர் 130, நடுவில் உள்ளவை 150 வர வேண்டும். சைட்டில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. என்னிடம் இருக்கும் காம்போனென்ட் காங்கிரீட்டையும் 150, 150 என்றே பிரிக்கிறது. அந்தப் படத்தை நம்பி வார்த்தால் முதல் படி 130, கடைசிப் படி 170 ஆகிவிடும். இறங்குகிறவர் தடுக்கி விழுவார். அதனால் இன்றுவரை படிக்கட்டு செக்‌ஷனை மட்டும் தனியாகக் கோடு போட்டே வரைகிறேன்.

சொந்தமாகவும் காம்போனென்ட் செய்து பார்த்தேன். ஓர் அளவைச் சூத்திரத்தோடு கட்டியதும் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்கிறது. ஒரே ஒரு இடத்தில் 20 மி.மீ. கூட்ட வேண்டுமென்றால், அதற்கென்று இன்னொரு வகை உருவாக்க வேண்டும். இப்படியே ஒரு திட்டத்தில் ஒரே ஜன்னலுக்கு ஒன்பது வகை சேர்ந்துவிட்டது.

அப்புறம் கோப்பு பரிமாற்றம். ஒரு பிம் மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாதிரியைக் கொண்டுபோகும் பொதுவான ஐஎஃப்சி கோப்பு வடிவம் 2013-இல் ஐஎஸ்ஓ 16739 என்ற தரமாகவே வந்துவிட்டது. அதில் ஜன்னலின் உருவமும் விவரங்களும் போய்ச் சேர்கின்றன. அகலத்தை மாற்றினால் ஃப்ரேம் எப்படி நகர வேண்டும் என்கிற விதி பெரும்பாலும் போவதில்லை. வேறு மென்பொருளில் திறப்பவருக்குக் கிடைப்பது உறைந்துபோன ஜன்னல்தான்.

இதைச் செய்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: ஒரு காம்போனென்டின் ஏதாவது ஒரு பாகத்தை மட்டும் பூட்டுத் திறந்து கையால் நகர்த்த விடுங்கள். ஷெட்யூலில் அது ஒரே ஜன்னலாகவே இருக்கட்டும். அது வரும்வரை, புதிதாக ஒன்றை இறக்கினால் வெற்றுக் கோப்பில் வைத்து 600, 1800, 2400 என்று அகலத்தை இழுத்துப் பார்க்கிறேன். ஃப்ரேம் உடைந்தால் அந்த வேலைக்கு அதை எடுப்பதில்லை.