எஸ்எஸ்டியா, ரேமா, ஃபார்மட்டா? பழைய வீட்டு சிஸ்டத்துக்கு எதுல காசு போடுறது

சிஸ்டம் ஸ்லோன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனா பாதி பேருக்கு கிடைக்கிற வைத்தியம் ஃபார்மட்தான். கொஞ்ச நாள் பறக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. இன்னொரு கடைக்காரர் ரேம் போடுங்கம்பார், வேற ஒருத்தர் சிஸ்டத்தையே மாத்துங்கம்பார். 2014, 15 வாக்குல அசெம்பிள் பண்ணின ஒரு சாதாரண மெஷினையே எடுத்துக்குவோம்: ஐ5-4460 ப்ராசசர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

காசு போடுறதுக்கு முன்னாடி கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ்ல டிஸ்க் 100%ன்னு நிக்குது, ஆனா கீழ ரீட் ஸ்பீடு பார்த்தா செகண்டுக்கு 1, 2 எம்பிதான், இதுதான் ஹார்ட் டிஸ்க் மெஷினோட டிபிக்கல் முகம். ஒரே பெரிய ஃபைலை வரிசையா படிக்கச் சொன்னா அதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல தரும், ஆனா விண்டோஸ் ஆன் ஆகும்போது அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைலைக் கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் உள்ள இருக்கிற முள்ளு நகரணும், அதனால செகண்டுக்கு சுமார் 100 ரிக்வெஸ்ட்தான் முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சிப்லயே டேட்டா வெக்கிற எஸ்எஸ்டில நகர்ற பார்ட்டே கிடையாது, ஹார்ட் டிஸ்க் மாதிரியே கேபிள்ல மாட்டுற சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல்லாயிரக்கணக்கில முடிச்சுக் குடுக்கும்.

இதுல ஒரு குழப்பம் இருக்கு. 4 ஜிபி ரேம்ல க்ரோம்ல நாலு டேப் திறந்தாலே டாஸ்க் மேனேஜர்ல மெமரி, அதாவது ரேம், 90% தொட்டுரும், இடம் பத்தலன்னா விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குல பேஜ் ஃபைலா தள்ளும், அப்ப டிஸ்க்கும் 100% காட்டும். அதாவது டிஸ்க் அலறினாலும் வியாதி ரேம்ல இருக்கலாம். மெமரி 50, 60%லயே இருக்கு, டிஸ்க் மட்டும் 100%ன்னா எஸ்எஸ்டி, சந்தேகமே வேண்டாம். ரெண்டுமே உச்சத்துல இருந்தாலும் என் ஓட்டு முதல்ல எஸ்எஸ்டிக்குத்தான், ஏன்னா பேஜ் ஃபைலும் எஸ்எஸ்டிக்கு வந்துட்டா ரேம் பற்றாக்குறையே பாதி தெரியாமப் போயிரும், ஆனா 16 ஜிபி ரேம் போட்டாலும் ஹார்ட் டிஸ்க்ல பூட் ஆகுற நேரம் பெருசா குறையாது. அரசு குடுத்த பழைய லேப்டாப் வெச்சிருக்கவங்களுக்கும் இதேதான்.

எஸ்எஸ்டி வாங்கும்போது என்விஎம்இங்கிற இன்னும் வேகமான ரகத்தோட விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், எச்81 மாதிரி பழைய போர்டுல அதைச் செருகுற எம்.2 ஸ்லாட்டே பெரும்பாலும் இருக்காது, 2.5 இன்ச் சாட்டாதான். எச்81ல ரெண்டு போர்ட் 6 ஜிபிபிஎஸ், ரெண்டு போர்ட் 3 ஜிபிபிஎஸ், வேகமான போர்ட்ல செருகுங்க, எதுன்னு போர்டு மேனுவல்ல இருக்கும். 256 ஜிபி விண்டோஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் போதும், பழைய டிஸ்க் போட்டோ, படம் போட்டு வைக்க அப்படியே இருக்கட்டும்.

ரேம் ரெண்டாவது. 4 ஜிபியை 8 ஆக்குறது கண்ணுக்குத் தெரியும், 8ஐ 16 ஆக்குறது பிரவுசர், டேலி, யூடியூப் அளவுக்குப் பெருசா தெரியாது. டிடிஆர்3 செகண்ட்ஸ்லதான் அதிகம் கிடைக்குது, அதுல ரொம்ப சீப்பா ஒரு 8 ஜிபி ஸ்டிக் மாட்டினா உஷார், ஏஎம்டி போர்டுல மட்டும் வேலை செய்யுற ரகம் ஒண்ணு இருக்கு, இன்டெல் போர்டுல போட்டா டிஸ்ப்ளேவே வராது. மாட்டிப் பார்த்துட்டு காசு குடுக்கிறதுதான் நல்லது.

அப்போ ஃபார்மட்? ஹார்ட் டிஸ்க்லயே திரும்ப ஃபார்மட் அடிக்கிறது வீண் வேலை. புது எஸ்எஸ்டி வந்த பிறகு குளோனா (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிறது), ஃப்ரெஷ் இன்ஸ்டாலான்னு கேட்டா அது நியாயமான கேள்வி. டேலி டேட்டா, வானவில் ஃபான்ட், பிரிண்டர் செட்டிங் எல்லாம் அப்படியே வேணும்னா குளோன், அதுக்கான க்ளோன்ஸில்லா சாஃப்ட்வேர் இலவசம்தான், ஆனா பார்க்க கொஞ்சம் பயமுறுத்தும். அதுக்கு முன்னாடி டிஸ்க்கோட ஆரோக்கியத்தைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க, காஷன்னு (எச்சரிக்கை) மஞ்சள் காட்டினா குளோன் பாதியில நிக்க வாய்ப்பு அதிகம், முக்கியமான ஃபைலை முதல்ல காப்பி எடுத்துட்டு ஃப்ரெஷ்ஷாவே போயிருங்க. லைசன்ஸ் பயம் வேண்டாம், டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோட சேர்ந்தது, அதே எடிஷன் போட்டு நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆகும். இன்ஸ்டால் பண்ணும்போது மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழட்டி வைங்க, இல்லன்னா பூட் ஃபைல் பழைய டிஸ்க்ல போய் உக்காந்துக்கும், பின்னாடி அதை எடுத்தா சிஸ்டம் ஆனே ஆகாது.

இனி விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் வசதி வேணும், ப்ராசசர் இன்டெல்னா பொதுவா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான், நம்ம 4460 அதை விடப் பழசு, அவுட். ஒரு வழி இஎஸ்யூ, அதாவது சப்போர்ட் முடிஞ்ச பிறகும் செக்யூரிட்டி அப்டேட் குடுக்கிற மைக்ரோசாஃப்ட் திட்டம்: விண்டோஸ் 10ஓட கடைசி வெர்ஷனான 22எச்2ல அப்டேட் பக்கத்துல என்ரோல் பண்ணி, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல செட்டிங் பேக்கப் ஆன் பண்ணினா காசில்லாம, இல்லன்னா 30 டாலர் கட்டி, 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்கலாம். இன்னொண்ணு, இன்ஸ்டால் பென்டிரைவ் தயார் பண்ற ரூஃபஸ் சாஃப்ட்வேர் வெச்சு டிபிஎம் செக்கைத் தாண்டி 11 போடுறது. ஓடும், ஆனா வருஷாந்திர பெரிய அப்டேட்டை நாமளே கையால போடணும், மைக்ரோசாஃப்ட் எதுக்கும் பொறுப்பேத்துக்காது. நெட் பேங்கிங் பண்ற மெஷின்னா நான் இஎஸ்யூதான் சொல்லுவேன், பசங்க விளையாடுற மெஷின்னா ரூஃபஸ் போட்டு ஜாலியா இருங்க. பிரவுசர் மட்டும் போதும்னா விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிற லினக்ஸ் மின்ட் தாராளமா போடலாம், டேலி இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது.

மெஷினையே மாத்துறதுன்னு முடிவாச்சுன்னா புதுசை விட, ஆஃபீஸ்ல லீஸ் முடிஞ்சு வர்ற ரீஃபர்பிஷ்டு (சரி பண்ணி விக்கிற பழைய) டெஸ்க்டாப் மேல். "ஐ5 சார், சூப்பர் மெஷின்"னு சொன்னா முழு நம்பரைக் கேளுங்க: ஐ5-8500ன்னா 8வது ஜெனரேஷன், விண்டோஸ் 11 முறையா ஏறும், ஐ5-6500ன்னா பார்க்க ஒரே மாதிரி டப்பாதான், ஆனா விண்டோஸ் 11 லிஸ்ட்ல அது இல்ல.