ஜாஸ்பர்: டாம்கேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஜேஎஸ்பி கம்பைலர்

ஒரு ஜேஎஸ்பி பக்கத்தை (எச்டிஎம்எல்லுக்குள் ஜாவா கலந்து எழுதும் வலைப்பக்கம்) முதல் ஆள் திறக்கும்போது, அதை ஓட்டும் ஜாவா வெப் சர்வரான டாம்கேட் கொஞ்சம் திணறும். அடுத்த ஆளுக்குச் சட்டென்று வந்துவிடும். அந்தத் திணறல்தான் ஜாஸ்பர். பக்கத்தை ஜாவா கோப்பாக மாற்றி, கிளாஸாக கம்பைல் செய்து, ஒரே ஒரு சர்வ்லெட் ஆப்ஜெக்டாக (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் அதே ஆப்ஜெக்ட்தான். எக்லிப்ஸின் ஜாவா கம்பைலர் லிப் அடைவிலேயே கூட வருவதால் சர்வரில் முழு ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) வேண்டியதில்லை.

இதன் பெரிய பலம், தான் எழுதிய ஜாவா கோப்பை அழிக்காமல் விட்டுவைப்பது. வொர்க் அடைவுக்குள் உங்கள் செயலியின் பெயரைத் தேடிப் போனால், இண்டெக்ஸ்.ஜேஎஸ்பி அங்கே இண்டெக்ஸ்_ஜேஎஸ்பி.ஜாவா என்று கிடக்கும். எச்டிஎம்எல் வரிகள் அவுட்.ரைட் அழைப்புகளாகியிருக்கும். <% %> நடுவே எழுதியது _ஜேஎஸ்பிசர்வீஸ் மெத்தடுக்குள் அப்படியே இருக்கும். <%! போட்டு அறிவித்த மாறி மட்டும் மெத்தடுக்கு வெளியே, கிளாஸின் ஃபீல்டாக நிற்கும். ஆப்ஜெக்ட் ஒன்று, அதில் ஒரே நேரத்தில் ஓடும் திரெட்கள் (ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் இழைகள்) பல; அந்த ஃபீல்டு எல்லோருக்கும் பொது. ஒருவர் பெயர் இன்னொருவர் திரையில் வரும் மர்மப் பிழைக்கு விடை அந்த அறிவிப்பு வரியில் இருக்கிறது.

குறை டீஃபால்ட் அமைப்பில். டெவலப்மென்ட் என்ற அளவுரு ட்ரூ என்றே வருகிறது. அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் அந்தப் பக்கத்தின் பூட்டைத் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் தடை) தாண்டித்தான் உள்ளே போகும். கோப்பு மாறியதா என்ற சோதனையும் 4 விநாடி இடைவெளியில் நடக்கும். வீட்டுக் கணினிக்கு இது சொகுசு, நெரிசலான சர்வருக்கு வீண் சுமை. கான்ஃப் அடைவிலுள்ள வெப்.எக்ஸ்எம்எல்-இல் ஜேஎஸ்பி சர்வ்லெட்டுக்குக் கீழே டெவலப்மென்ட்டை ஃபால்ஸ் ஆக்கி டாம்கேட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குப் பிறகு நேரடி சர்வரில் ஜேஎஸ்பியைத் திருத்திவிட்டு “மாறவே இல்லையே” என்று புலம்பக் கூடாது. செயலியை மறுபடி ஏற்றினால்தான் தெரியும்.

அடுத்த தலைவலி 65535 பைட். ஜாவாவில் ஒரு மெத்தட் அதற்கு மேல் போக முடியாது. முழுப் பக்கமும் ஒரே மெத்தடுக்குள் போவதாலும், வேறு கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் டைரக்டிவ் தலைப்பு, பக்கப்பட்டி, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் அதே மெத்தடுக்குள் ஒட்டிவிடுவதாலும் பெரிய பக்கங்கள் ஒருநாள் திடீரென்று கம்பைல் ஆக மறுக்கும். மேப்டுஃபைல் அளவுருவை ஃபால்ஸ் ஆக்கினால், வரிக்கு ஒரு ரைட் என்பது குறைந்து தற்காலிகமாக மூச்சு விடலாம். சரியான வைத்தியம், பெரிய துண்டுகளை ஜேஎஸ்பி:இன்க்ளூட் வழியாகத் தனி சர்வ்லெட்டாகப் பிரிப்பதே. ஓட்டத்தின்போது ஒரு அழைப்பு கூடும், அவ்வளவுதான்.

ஜாவா 17 போட்டும் டாம்கேட் 9-இல் ஜேஎஸ்பிக்குள் ‘வார்’ (மாறியின் வகையை எழுதாமல் அறிவிக்கும் புதிய ஜாவா சொல்) எழுதினால் பிழை வருகிறதா? ஜாஸ்பர் அங்கே 1.8 இலக்கணத்தில்தான் கம்பைல் செய்யும். அதே வெப்.எக்ஸ்எம்எல்-இல் கம்பைலர்சோர்ஸ்விஎம், கம்பைலர்டார்கெட்விஎம் அளவுருக்கள் இரண்டையும் சேர்த்து உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

முதல் ஆளின் காத்திருப்பைத் தவிர்க்க இரண்டு வழி. முகவரியின் இறுதியில் ஜேஎஸ்பி_பிரீகம்பைல் அளவுருவைச் சேர்த்து அழைத்தால் பக்கம் கம்பைல் மட்டும் ஆகும், ஓடாது. பக்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் பக்கங்களை முன்கூட்டியே கம்பைல் செய்யும் ஜேஎஸ்பிசி கருவியை ஆன்ட் (ஜாவா செயலிகளைக் கட்டமைக்கும் கருவி) பில்டில் சேர்ப்பது மேல்: கிளாஸ்களோடு சர்வ்லெட் மேப்பிங்கும் (எந்த முகவரிக்கு எந்த சர்வ்லெட் என்ற பட்டியல்) தயாராகி வரும், எழுத்துப்பிழை சர்வருக்குப் போகும் முன்பே பில்டில் சிக்கும். ஆனால் டாம்கேட் 9-இலிருந்து 10-க்குப் போகிறவர்கள் இந்தக் கிளாஸ்களைத் திரும்ப உருவாக்கியே ஆக வேண்டும். ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர் ஜகார்த்தா ஆகிவிட்டதால் பழையவை செல்லாது. வொர்க் அடைவையும் அப்போதே காலி செய்துவிடுங்கள்.