டிஜிட்டல்னு போட்டிருந்தா அது டிஎம்ஆர்னு நம்பிடாதீங்க, புதுசா ஹாம் செட் வாங்குறவங்களுக்கு

போன மாசம் எனக்கு 6,800 ரூபாய் போச்சு. ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கா வயர்லெஸ்ல பேசுறதுக்கான அனுமதி) இப்பதான் கைக்கு வந்து முதல் ஹேண்டி, அதாவது கைல வெச்சுப் பேசுற வாக்கி டாக்கி, வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு முழுசா படிச்சிட்டு வாங்குங்க.

எனக்கு ஆரம்ப நிலை லைசென்ஸான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, விக்டர் யூனிஃபார்ம் 3னு (VU3) ஆரம்பிக்கிற கால்சைன். எக்ஸாம் எழுதி ரொம்ப நாள் காத்திருந்து வந்த லைசென்ஸ், அதனால முதல் செட்டே டிஎம்ஆர்ங்கற டிஜிட்டல் முறைல பேசுறதா இருக்கட்டும்னு ஆசை. ஆன்லைன்ல ஒரு கடைல "டிஜிட்டல் வாக்கி, யுஎச்எஃப், ஹாம்களுக்கு ஏத்தது"னு போட்டிருந்தாங்க. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணி டிஎம்ஆர் தானேன்னு ரெண்டு தடவ கேட்டேன், "எல்லா டிஜிட்டலும் ஒண்ணுதான் சார், தைரியமா வாங்குங்க"ன்னாரு. நம்பிட்டேன்.

செட் வந்ததும் எனக்கு எக்ஸாமுக்கு சொல்லிக்கொடுத்த ஓஎம் (ஓல்டு மேன், ஆண் ஹாம்களை நாங்க இப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்டுக்கு எடுத்துட்டு ஓடினேன். அவரு ஹாட்ஸ்பாட் வெச்சிருக்காரு, டிஎம்ஆர் செட்ட இன்டர்நெட்டோட இணைக்கிற சோப்பு டப்பா சைஸ் பெட்டி, அதுல குட்டி ஸ்கிரீன். அவரு செட்ல பிடிடி (பேசும்போது அமுக்குற பட்டன்) அமுக்கினதும் 404ல ஆரம்பிக்கிற அவரோட டிஎம்ஆர் ஐடி ஸ்கிரீன்ல வந்து நின்னுச்சு. அடுத்து நான் அதே ஃப்ரீக்வன்சில அமுக்கினேன். என் செட்ல சிவப்பு லைட் எரியுது, அந்த ஸ்கிரீன் அசையவே இல்ல. பத்து தடவயாச்சும் அமுக்கியிருப்பேன். ஓஎம் செட்ட வாங்கி மெனு ஃபுல்லா தேடிப் பாத்துட்டு "தம்பி, இதுல டைம் ஸ்லாட்னு ஒரு செட்டிங்கே இல்லையேப்பா"ன்னாரு. பேட்டரிய கழட்டிப் பாத்தா உள்ள ஸ்டிக்கர்ல பொடி எழுத்துல டிபிஎம்ஆர்னு போட்டிருக்கு.

ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா ரெண்டும் வேற வேற. டிஎம்ஆர் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல நேரத்தால ரெண்டா பிரிச்சுக்கும், 30 மில்லிசெகண்ட் ஒருத்தருக்கு, அடுத்த 30 இன்னொருத்தருக்குன்னு மாறி மாறிப் போகும், அதத்தான் ஸ்லாட்னு சொல்றது. டிபிஎம்ஆர்ல ஸ்லாட்டே கிடையாது, 6.25 கிலோஹெர்ட்ஸ் சேனல்ல விடாம அனுப்பிட்டே இருக்கும். ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியவே புரியாது. எந்த கேபிள் போட்டு புரோகிராம் பண்ணினாலும் டிஎம்ஆர் செட்டா மாறாது.

டிஎம்ஆர்னே எழுதியிருந்தாலும் டையர் 2 இருக்கான்னு பாருங்க. விலை கம்மியா வர்ற சில செட்ல டையர் 1 மட்டும்தான் இருக்கும், நேருக்கு நேர் பேசலாம், ரிப்பீட்டருக்கு (சிக்னல வாங்கி தூரத்துக்குத் திருப்பி அனுப்புற நிலையம்) ஆகாது. போன்ல சொல்றத நம்பாதீங்க, "டிஎம்ஆர் டையர் 2, ரெண்டு டைம் ஸ்லாட், கலர் கோடு 0லருந்து 15 வரைக்கும்"னு வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க. கலர் கோடுங்கறது ரிப்பீட்டரோட பொருந்துறதுக்கு செட்ல போடுற நம்பர். நான் அத செய்யாம விட்டதாலதான் இன்னிக்கு கையில ஒரு ஆதாரமும் இல்ல. திருப்பித் தரேன்னு கடைக்காரரக் கூப்பிட்டா "டிஜிட்டல்னு தான போட்டோம், டிஎம்ஆர்னு எங்க போட்டோம்"ங்கறாரு, அதோட பாக்ஸ் பிரிச்சாச்சு ரிட்டர்ன் எடுக்க முடியாதுன்னு போன வெச்சிட்டாரு. லைசென்ஸ் நம்பர் கூட கேட்காம வித்தாரு, அப்பவே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்.

ஓஎம் கைல இருக்கறது டிஒய்டி எம்டி-யுவி380, விஎச்எஃப் யுஎச்எஃப்னு ரெண்டு அலைவரிசை பேண்டும் உண்டு, டையர் 2, ஓப்பன்ஜிடி77ங்கற ஃபர்ம்வேரும் (செட்ட இயக்குற மென்பொருள்) போட்டுக்கலாம். அந்த ஃபர்ம்வேர் போட்டா கோட்பிளக்ல (சேனல், ஐடி மாதிரி செட்டிங்ஸ் இருக்கற ஃபைல்) சின்னச் சின்ன விஷயத்த கம்ப்யூட்டர் இல்லாமயே செட்லயே மாத்தலாம், புதுசா வர்றவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா அதுக்கும் முன்னாடி உங்க ஊர்ல என்ன ஓடுதுன்னு பக்கத்துல இருக்கற ஹாம் யார்கிட்டயாவது கேளுங்க. அனலாக் ரிப்பீட்டர் மட்டும்தான் இருக்கு, ஹாட்ஸ்பாட் வெக்கிற யோசனையும் இல்லன்னா டிஜிட்டலுக்கு இப்பவே காச கொட்ட வேண்டியதில்ல, சாதா எஃப்எம் ஹேண்டியே போதும். முடிஞ்சா அவங்க செட்ட ஒரு நாள் கைல வாங்கி பேசிப் பாருங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுத்திருக்கேன், பேட்டரிக்கு உள்ள இருந்த ஸ்டிக்கர் போட்டோவும் அனுப்பியாச்சு, இன்னும் பதில் வரல. அதுவரைக்கும் வெச்சுக்கோன்னு ஓஎம் அவரோட பழைய அனலாக் செட் ஒண்ணு குடுத்திருக்காரு, தினமும் காலைல ஹாம்கள் ரேடியோல ஒண்ணு கூடிப் பேசுற நெட்ல அத வெச்சுதான் செக் இன் பண்றேன்.