மூளைக்கு இன்சுலின் உறைக்க: டயட்டா, பயிற்சியா, அறுவையா, மாத்திரையா?

சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மூளைக்கும் போய், ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் பசியை அடக்குவதில் பங்கெடுக்கிறது. உடல் பருத்தவர்கள் பலருக்கு இந்தச் சேதி உறைப்பதே இல்லை. சரி, எடை குறைந்தால் உறைக்குமா?

டயட்டிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியின் டியூபிங்கனில், டயட்டோடு உடற்பயிற்சி அறிவுரையும் கலந்த 24 மாத வாழ்க்கைமுறை மாற்றத் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். ஆரம்பத்திலேயே மூளையில் இன்சுலின் நன்றாக வேலை செய்தவர்களுக்கு எடையும் வயிற்றுக் கொழுப்பும் நன்றாகக் குறைந்தன. மந்தமாக இருந்தவர்களுக்கு முதலில் இறங்கிய எடை அப்புறம் திரும்ப ஏறிவிட்டது. அதாவது இப்படிப்பட்ட திட்டம் யாருக்கு அவசரமாகத் தேவையோ, அவர்களைத்தான் கைவிடுகிறது. 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று அவர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

முறையாகச் செய்யும் உடற்பயிற்சி இங்கே கைகொடுக்கலாம். அதே ஊரில், அதிக எடையுள்ள, உட்கார்ந்தே பழகிய 21 பேருக்கு எட்டு வாரம் ஏரோபிக் (மூச்சும் இதயத்துடிப்பும் கூடும்) பயிற்சி கொடுத்தார்கள். மூக்கில் இன்சுலின் ஸ்ப்ரே அடித்து, எம்.ஆர்.ஐ.யில் மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று முன்னும் பின்னும் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் இன்சுலினின் வேலை, சராசரி எடைக்காரர்களின் அளவுக்குத் தேறியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் டயட்டோடு பயிற்சியையும் முதல் நாளிலிருந்தே சேர்க்கச் சொல்ல எனக்கு இது போதும்.

மிகப் பருமனானவர்கள் விஷயம் வேறு. பின்லாந்தின் துர்க்கு நகரத்து ஆய்வில் (2013), அப்படிப்பட்ட பெண்களுக்கு இன்சுலின் ஏற்றியபோது மூளை கூடுதலாகக் குளுக்கோஸை இழுத்தது. ஒல்லியான பெண்களிடம் அது இல்லை. எடைக்குறைப்பு அறுவை முடிந்து ஆறு மாதத்தில் இந்தக் கோளாறு மறைந்தது. ஆனால் அறுவைக்குப் பின் சத்து மாத்திரைகளும் மருத்துவக் கண்காணிப்பும் காலம் முழுக்கத் தொடரும்.

மாத்திரையில் எம்பாகிளிஃப்ளோசின் கவனத்துக்குரியது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு எட்டு வாரத்தில் ஹைப்போதலாமஸின் இன்சுலின் உணர்வு மேம்பட்டது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எதைத் தேர்ந்தாலும் எடை மெஷினை மட்டும் நம்ப வேண்டாம். 2025இல் வெளியான டியூபிங்கன் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்தே நாள் சிப்ஸ், சாக்லேட் வகையறாவைக் கூடுதலாகத் தின்றார்கள். எடை குறிப்பிடும்படி ஏறவில்லை. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, மூளையின் இன்சுலின் எதிர்வினையும் மாறியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் மூளையில் மாற்றம் முழுதாக விலகவில்லை.